மெல்போர்னுக்கு வரும் அம்மா அப்பாவின் பெட்டியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது?

கேட்டவர் மெல்போர்னில் இருக்கும் ஒரு சகோதரி. பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் முதல் தடவையாக ஆஸ்திரேலியா வருகிறார்கள். அம்மாவுக்கு 64, அப்பாவுக்கு 75 முடிந்துவிட்டது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பத்திய சாமான், பிரசவ லேகியம், சாம்பார் பொடி, வீட்டு அரிசி, கறிவேப்பிலை என்று அம்மா ஒரு பெரிய பட்டியல் போட்டிருக்கிறார். எதைக் கொண்டுவரலாம், விசாவுக்கும் உடம்புக்கும் என்னென்ன பார்க்க வேண்டும், விமான நிலையத்தில் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பார்களா என்பதெல்லாம் அவருடைய கவலை.

நான் இங்கே வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பெற்றோர், மாமனார் மாமியார், நண்பர்கள் வீட்டுப் பெரியவர்கள் என்று எத்தனையோ பேரை விமான நிலையத்தில் போய் அழைத்து வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை அம்மா அப்பா மனதில் பதிய வையுங்கள். மற்றதெல்லாம் மறந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுப் பொருள், மருந்து, செடி, விதை, மரம் என்று எது பெட்டியில் இருந்தாலும், விமானத்தில் கொடுக்கும் பயணி அறிவிப்புக் கார்டில் "ஆம்" என்று டிக் போட வேண்டும். கொண்டுவரக் கூடாத பொருளாகவே இருக்கட்டும், கார்டில் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் வந்து பிடிபட்டால்தான் அபராதம், சில சமயம் விசாவே ரத்து. நம் பெரியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். "இருக்குன்னு சொன்னா மாட்டிக்குவோம், இல்லைன்னு சொன்னா விட்டுடுவாங்க" என்றுதான் நினைப்பார்கள். இங்கே "ஆம்" என்பதுதான் பாதுகாப்பு.

என் மாமியார் முதல் முறை வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். வெளியே நிற்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒருவழியாகத் தள்ளுவண்டியோடு வந்தார், முகத்தில் சிரிப்பு. உள்ளே ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். முறுக்கு டப்பாவை முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தார். காபித் தூளை விட்டுவிட்டார். ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டிக் பை என்று மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலையைப் பிரித்ததும், "ஸாரி" என்று சொல்லி எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பிறகு கார்டைக் காட்டி, உணவு பற்றிய கேள்வியில் இருந்த டிக்கைத் தொட்டுக் காட்டி, "தேங்க் யூ" என்றிருக்கிறார். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அது புரிந்துவிட்டது. அந்த டிக்கை என் மனைவி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் பத்துத் தடவை சொல்லிச் சொல்லிப் போட வைத்திருந்தாள்.

கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்பீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. எலுமிச்சை வகை மரங்களை ஒரேயடியாக வீணாக்கும் பசுமை நோய் ஒன்று உண்டு. அதைப் பரப்பும் சின்னஞ்சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் உயிர். நம் ஊரில் அந்தப் பூச்சியும் உண்டு, நோயும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குள் அந்த நோய் இன்னும் வரவில்லை. ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்தில் அது வந்து இறங்கினால், இங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருப்பவர்களின் பிழைப்பு போச்சு. அதனால் பச்சைக் கறிவேப்பிலை கண்டிப்பாக வேண்டாம். வேப்பங்கொத்து, மாவிலை, வெற்றிலை, மல்லிகைச் சரம், துளசிக் கன்று எல்லாவற்றுக்கும் அதே கதைதான். இங்கே நம் ஆட்கள் பலர் வீட்டிலேயே தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார்கள். கேட்டால் ஒரு கன்று தருவார்கள்.

அடுத்தது அரிசி, பருப்பு. இங்கேதான் நம் வீட்டு ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "பாக்கெட் பிரிக்காத அரிசிதானே" என்று கொண்டுவருவார்கள். 2020இலிருந்து இதற்குத் தனியாகத் தடை இருக்கிறது. காரணம் கப்ரா வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், பழுப்பு நிறம், அரிசி மூட்டையில் பார்த்தால் தூசி என்று நினைத்துவிடுவோம். அதன் புழுதான் ஆபத்து. உடம்பெல்லாம் மயிர், பெட்டியின் தையல் இடுக்கில், அட்டையின் மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும். சாப்பாடு இல்லாமல் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், பிறகு தானியம் கிடைத்ததும் எழுந்து தின்ன ஆரம்பிக்கும். இந்த வண்டின் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம்தான். 2007இல் பெர்த் நகரில் ஒரு வீட்டில் இது தென்பட்டபோது, அது பரவாமல் ஒழித்துக்கட்டப் பெரும்பாடு பட்டார்கள். கோதுமை ஏற்றுமதியில் வாழும் நாடு. இந்த வண்டு இருக்கிறது என்று தெரிந்தால், வாங்கும் நாடுகள் கப்பலைத் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தத் தடைப் பட்டியலைப் படித்தால் நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதியதுபோல இருக்கும். அரிசி, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, சோயா, கோதுமை, வேர்க்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, மிளகாய் வற்றல். பச்சையாக, பதப்படுத்தாமல் இருந்தால் பயணியின் பெட்டியில் வரக் கூடாது, தபாலிலும் அனுப்பக் கூடாது. தொழிற்சாலையில் வறுத்தோ பொரித்தோ வேகவைத்தோ சூட்டில் பதப்படுத்திப் பாக்கெட் போட்டதற்கு விலக்கு உண்டு. அதனால்தான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் சீல் பிரிக்காத பாக்கெட்டில் பெரும்பாலும் தப்பித்துவிடும், பச்சை வேர்க்கடலை தப்பாது. மோர்மிளகாய் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கும். மிளகாய் வற்றலாகவும் மாட்டும், தயிர் போட்டதாலும் மாட்டும்.

அம்மா அரைத்த சாம்பார் பொடி, பருப்புப் பொடி விஷயத்தில் நான் சொல்வது இதுதான். வீட்டில் அரைத்து, டப்பாவில் போட்டு, பேனாவால் பெயர் எழுதிய பொடி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது. அவர் முடிவு அவர் கையில். கம்பெனிப் பெயரும் இங்கிலீஷில் சேர்மானமும் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட் என்றால் வேலை சுலபம். எப்படியும் இரண்டையும் கார்டில் சொல்லியே ஆக வேண்டும். என் யோசனை, அம்மாவின் கைப்பக்குவம் வேண்டுமென்றால் அம்மாவே வரட்டும், மல்லியும் மிளகாயும் இங்கே வாங்கி இங்கேயே வறுத்து அரைக்கட்டும். மெல்போர்னின் டான்டினாங் பகுதியில் போய்ப் பார்த்தீர்களென்றால் பொன்னி அரிசியிலிருந்து கண்டந்திப்பிலி வரை கிடைக்கிறது. சிட்னியில் இருப்பவர்களுக்கு வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம். இதற்காகக் கிலோக் கணக்கில் பெட்டியில் சுமந்து வந்து மேஜைமேல் கொட்ட வேண்டாம்.

பால் பொருள் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பேடா, பர்ஃபி, குலாப் ஜாமூன், ரசகுல்லா, சோன் பப்டி எல்லாம் கூடாது. அப்பா மாடு வைத்திருப்பவர் என்றால் காரணம் அவருக்கு உடனே புரியும், கோமாரி நோய். நம் ஊரில் வருஷா வருஷம் தடுப்பூசி போட்டு ஓட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு கோமாரியே கிடையாது. 2022 மே மாதம் பக்கத்து இந்தோனேசியாவில் அது வந்ததும் இங்கே விமான நிலையங்களில் கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. அந்த ஜூலையில் பாலியிலிருந்து டார்வின் வந்த ஒரு பயணியின் பையில், சொல்லாமல் வைத்திருந்த, இறைச்சி வைத்த இரண்டு மெக்மஃபினும் ஒரு குரோசானும் இருந்தன. மோப்ப நாய் பிடித்தது. அபராதம் 2,664 டாலர். காலைப் பசிக்கு வாங்கி வைத்த சிற்றுண்டிதான். இன்றைக்கு அபராதத் தொகை அதைவிடக் கூடிவிட்டது.

விசா ரத்து என்றேனே, அதுவும் வெறும் மிரட்டல் இல்லை. 2019 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். அந்த அக்டோபரிலேயே வியட்நாமிலிருந்து சிட்னி வந்த ஒரு பெண்மணியிடம் பன்றி இறைச்சி, காடை, முட்டை என்று பத்துக் கிலோ அளவில் இருந்தது, கார்டில் சொல்லவில்லை. விமான நிலையத்திலேயே விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள், மூன்று வருஷத்துக்கு வர முடியாது என்ற நிபந்தனையோடு. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பாட்டிக்கு அப்படி ஒரு நிலை வரவே கூடாது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மைசூர்பாகு, திருநெல்வேலி அல்வா போன்ற நெய்ப் பலகாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. முறுக்கு, தட்டை, சீடை, காபித் தூள், டீத்தூள் பிரச்சினை இல்லாமல் வந்துவிடும், ஆனாலும் டிக் உண்டு. ஆட்டுக்கறித் தொக்கு, உப்புக்கண்டம், முட்டை, தேன் வேண்டவே வேண்டாம். தேனைப் பற்றி ஒரு கூடுதல் தகவல், பெர்த் போகிறவர்கள் ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களிலிருந்துகூடத் தேன் கொண்டுபோக முடியாது, மேற்கு மாநிலம் அவ்வளவு கண்டிப்பு.

சரி, லேகியத்துக்கு வருவோம். கார்டில் விதை, கொட்டை, செடி கேட்கும் அதே வரியில் "நாட்டு மருந்து, மூலிகை" என்றும் கேட்டிருக்கிறார்கள். அதாவது சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு, கருஞ்சீரகம், பிரசவ லேகியம் எல்லாம் அந்த ஒரே டிக்குக்குள் வந்துவிடும். வீட்டில் கிளறிய லேகியத்தில் நெய், தேன் இரண்டும் இருக்கும், அதனால் போய்விடத்தான் வாய்ப்பு அதிகம். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி எல்லாம் இங்கே கடையில் கிடைக்கும், அம்மா வந்த பிறகு கிளறிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். குழந்தை பிறந்த நான்காம் நாள் வீடெல்லாம் ஓம வாசம். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த மருந்து ஏதாவது பட்டியலில் இருந்தால் அதை மட்டும் ஊரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்தாக இருந்தால் தாய்ப்பால் கொடுக்கும் உங்களுக்கு நல்லதில்லை, விமான நிலையத்திலும் சிக்கல்.

குழந்தைக்கு மரப்பாச்சி, நடைவண்டி, மரச்சொப்பு கொண்டுவர ஆசைப்படுவார்கள். மரச்சாமான் எதுவானாலும் கார்டில் சொல்ல வேண்டும். பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சி அரித்த ஓட்டை இருக்கக் கூடாது. பழைய மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது என்றால் வைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து செம்மரம் வெளியே போவதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. ருத்திராட்சம், துளசி மணி மாலையும் விதை, மரம் கணக்கில்தான் வரும், சொல்லிவிட்டுக் காட்டினால் போதும்.

இனி யாரும் யோசிக்காத ஒரு விஷயம், அப்பாவின் செருப்பு. கார்டில் ஒரு கேள்வி, கடந்த 30 நாளில் பண்ணை, பண்ணை விலங்கு, காடு, ஆறு, ஏரி இவற்றோடு தொடர்பு இருந்ததா என்று கேட்கும். கிராமத்தில் மாடு இருக்கும் வீட்டுக்காரர் "இல்லை" என்று போட்டால் அது பொய். "ஆம்" என்றே போடட்டும். ஓர் அதிகாரி வந்து எந்தச் செருப்பு, எந்த உடுப்பு என்று கேட்பார், அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பார். தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் புதுச் செருப்பு ஒன்று வாங்கித் தாருங்கள். பழைய ஷூ ஏதாவது வைத்தால் அடியில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பிறகு பெட்டியில் வைக்கட்டும்.

அப்பாவின் மாத்திரைக்குத் தனிக் கவனம் வேண்டும். கார்டின் முதல் கேள்வியிலேயே மருந்து வருகிறது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு கொண்டுவரலாம். டாக்டரிடம் இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் மூலப் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை என்பது அதில் இருக்க வேண்டும். நம் ஊர் பிராண்டுப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் மூலப் பெயர் முக்கியம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஏழு நாள் டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், அட்டையும் பெட்டியும் அப்படியே இருக்கட்டும். பெட்டி தவறிப்போனால் திண்டாட்டம் ஆகிவிடும், அதனால் குறைந்தது ஒரு வாரத்து மருந்தாவது கைப்பையில். இன்சுலின் என்றால் முழுவதும் கைப்பையில்தான், சரக்கு அறையில் உறைந்துபோகலாம். தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து இருந்தால் தனியாக எடுத்துக் காட்டி விடுங்கள். கோடீன் இங்கே 2018 பிப்ரவரியிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. மூன்று மாதத்துக்குமேல் தங்கினால் இங்கே ஒரு ஜிபியிடம், அதாவது பொது மருத்துவரிடம், காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் அந்தக் கடிதம் உதவும்.

விசா 600 என்ற எண்ணுள்ள விசிட்டர் விசா. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்திருக்கும். விசா வந்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், புது எண்ணைத் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சென்னையில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விசா கடிதத்தில் நிபந்தனை எண்களைப் பாருங்கள். 8101 என்றால் வேலை செய்யக் கூடாது. 8503 இருந்தால், இங்கே இருந்துகொண்டே இன்னொரு விசாவுக்குப் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. "வந்த பிறகு நீட்டித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். கடிதத்தில் உள்ள தேதிக்குள் திரும்பும் டிக்கெட் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கட்டும், வழியில் சிங்கப்பூர் போன்ற நாடுகள் அதைக் கேட்கலாம்.

அப்பாவுக்கு 75 ஆகிவிட்டதால் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள். இதை உங்கள் குடும்ப டாக்டரிடம் செய்ய முடியாது. ஆஸ்திரேலிய அரசு ஒப்புக்கொண்ட மருத்துவர்கள் மட்டும்தான் செய்யலாம், சென்னையில் இருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டதும் ஹேப் ஐடி என்று ஓர் எண் வரும், அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் கூடவே. சர்க்கரை இருப்பதை மறைக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டினாலே போதும், சர்க்கரை இருப்பதற்காக மட்டும் விசா மறுப்பதில்லை. அம்மாவுக்கு ஆறு மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் பரிசோதனை கேட்க மாட்டார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால், காசநோய் அதிகமுள்ள நாடு என்ற கணக்கில் மார்பு எக்ஸ்ரேயும் சேர்ந்து வரும். பரிசோதனைத் தேதி கிடைக்க நாளாகும். உங்களுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, விண்ணப்பம் போடவில்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.

இன்சூரன்ஸ் கட்டாயமா என்று எல்லோரும் கேட்பார்கள். விசாக் கடிதம் கேட்காவிட்டாலும் எடுங்கள் என்பேன். இந்தியாவோடு ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் கிடையாது, அதனால் மெடிகேர் என்ற இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் ஒரு தடவை வந்தாலே பில் ஆயிரம் டாலரைத் தாண்டும். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில் வேறு. என் நண்பர் ஒருவரின் தகப்பனார் வந்த பத்தாம் நாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. அந்தக் கடனை அவர் பல வருஷம் அடைத்தார். ஊரில் எடுக்கும் டிராவல் இன்சூரன்ஸ், இங்கே எடுக்கும் ஓவர்சீஸ் விசிட்டர் கவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு உண்டா, எத்தனை நாள் காத்திருப்பு என்ற வரியை மட்டும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து நேராக வருபவர்களுக்கு நுழைவுக்கென்று கட்டாயத் தடுப்பூசி எதுவும் இல்லை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், வருவதற்கு முந்தைய ஆறு நாளுக்குள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் அந்த நோய் உள்ள நாட்டில் தங்கியவர்களுக்கு மட்டும். ஆனால் நுழைவுக்காக இல்லாமல் உங்கள் குழந்தைக்காக ஒன்று சொல்கிறேன். கக்குவான் இருமல் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. குழந்தையைத் தூக்கப்போகும் பெரியவர்கள் பத்து வருஷத்துக்குள் அந்த ஊசி போட்டிருக்க வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். அம்மா அப்பா இருவரும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது டிடாப் ஊசி போட்டுக்கொள்ளட்டும், நம் ஊரிலேயே கிடைக்கிறது. ஃப்ளூ ஊசியும் போட்டால் நல்லது. ஊசிச் சீட்டை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம், நகை பற்றிச் சுருக்கமாக. 10,000 ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் வெளிநாட்டு நோட்டாக ஒருவர் 3,000 அமெரிக்க டாலருக்கு மேல் கொண்டுபோக முடியாது, அதனால் அந்தக் கவலை வராது. புதிதாக வாங்கிய பொருளும் பரிசும் சேர்ந்து ஒருவருக்கு 900 டாலர் வரை வரி இல்லை. குழந்தைக்குப் புது நகை வாங்கி வந்தால் அந்தக் கணக்கில் சேரும், பில்லைக் கையில் வைத்திருக்கட்டும். அம்மா போட்டுக்கொண்டு வரும் சொந்த நகை வேறு. அது கனமாக இருந்தால், கிளம்பும்போது சென்னை சுங்கத்தில் காட்டி ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம், திரும்பும்போது "இது எங்கே வாங்கினது" என்ற கேள்வி வராது. மதுபானம் 2.25 லிட்டர், சிகரெட் பிரிக்காத பாக்கெட் என்றால் 25 வரைதான்.

வழியில் எங்கே மாறுகிறார்கள் என்பதையும் பாருங்கள். குருமாவுக்கு என்று கசகசா வைத்துவிடுவார்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. துபாய் வழியாகப் போகிறவர் கோடீன், டிரமடால் மாத்திரையையும் சும்மா எடுத்துப் போகக் கூடாது. ஒரு சிட்டிகை கசகசாவுக்காக வயதான காலத்தில் அந்த வம்பு எதற்கு?

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெட்டி கட்டும்போது வீடியோ காலில் நீங்களும் உட்காருங்கள். சாப்பாடு, மருந்து, மரச்சாமான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மேலாக வைக்கச் சொல்லுங்கள். நான்கு பெட்டியிலும் சிதறிக் கிடந்தால் நான்கையும் குடைய வேண்டும். ஒரு தாளில் உங்கள் முகவரி, போன் நம்பர், அதன்கீழே "உணவு, நாட்டு மருந்து, மாத்திரை வைத்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இங்கிலீஷில் எழுதி இருவர் கையிலும் ஒவ்வொன்று கொடுங்கள். கார்டின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி எந்த வரியில் எந்தக் கட்டத்தில் டிக் என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். பின்பக்கம் காசநோய், குற்றத் தண்டனை பற்றிக் கேள்வி உண்டு, பார்த்துப் பதற வேண்டாம், இல்லையென்றால் இல்லை. கையெழுத்தைத் தமிழிலேயே போடலாம், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல.

விமானத்தில் கொடுக்கும் ஆப்பிள், வாழைப்பழம், சாண்ட்விச், தயிர் டப்பா எதையும் "பிறகு சாப்பிடலாம்" என்று பையில் போட வேண்டாம். நம் பெரியவர்கள் வீணாக்க மனசு வராமல் எடுத்து வைப்பார்கள், அதுவும் அபராதக் கணக்குதான். சில விமானங்களில் இறங்கும் முன் பூச்சி மருந்து தெளிப்பார்கள், வீசிங் இருந்தால் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே பெட்டி எடுத்த பிறகும் மனசு மாறினால், அதிகாரியிடம் போகும் முன் வழியில் பெரிய தொட்டிகள் இருக்கும், அதில் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வீல்சேர் உதவி இரண்டு பேருக்கும் டிக்கெட்டிலேயே கேட்டு வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று கூச்சப்பட வேண்டாம், வரிசையில் நிற்கும் நேரமும் வழி தேடும் பதற்றமும் மிச்சம். நீங்கள் வெளியே நிற்கும்போது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆனால் பயப்படாதீர்கள். கார்டில் "ஆம்" போட்டவர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், உட்கார இடம் பார்த்து உட்காருங்கள். அந்த மாதத்தில் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது.